எட்டுக்கு நாலு

சிகாமணி தான் செய்த மெஷினுக்குள் தானே மாட்டிக்கொண்டது ஓர் ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை, காலை பத்து மணிக்கு. நல்ல நேரம் முடியக் கால் மணி நேரம் இருக்கும்போதே கடைசி போல்ட்டை முடுக்கிவிட்டான், ஆகையால் நேரத்தின் மேல் பழி போட யாருக்கும் வழியில்லாமல் போயிற்று.

முழுப்பெயர் தெய்வசிகாமணி. ஆவாரம்பாளையத்தில் எட்டு வீடும் நடுவில் ஒரு குழாயும் கொண்ட ஆறுச்சாமி காம்பவுண்டில் மூன்றாவது வீட்டில் அவனும் அவன் மனைவி கனகமணியும் வாடகைக்கு இருந்தார்கள். பிள்ளை இல்லை, அதைப் பற்றிக் கேட்பதைக் காம்பவுண்டு நிறுத்தியே ஆறேழு வருடம் ஆகிறது. கனகமணி அரசு ஆஸ்பத்திரியில் ஒப்பந்த நர்ஸ். அவன் ஒரு பம்ப் கம்பெனியில் சர்வீஸ் மெக்கானிக். கம்பெனி விற்ற பம்ப் எந்த ஊரில் எந்தக் கிணற்று மேட்டில் மக்கர் செய்தாலும் பையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியது அவன்தான், போய் இறங்கியதும் தோட்டக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதும் அவன்தான், திரும்பி வந்து மேனேஜரிடம் இன்னொரு முறை வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதும் அவன்தான். இருபது வருடமாக அவன் கண்டதெல்லாம் ஆட்டம்: அஸ்திவாரத்தில் ஆடுகிற மோட்டார், பேரிங்குக்குள் ஆடுகிற ஷாஃப்ட், ஆடி ஆடியே மரை தேய்ந்துபோன போல்ட், போகிற பஸ்ஸில் ஆடுகிற சீட்டு, லாட்ஜில் ஒரு கால் குட்டையான கட்டில். ஆடாத ஒரு பொருளை, ஒன்றே ஒன்றை, தன் கையால் செய்துவிட வேண்டும் என்று அவனுக்கு வெறி பிடித்துவிட்டது. வெறி என்றுதான் சொல்ல வேண்டும், ஆசை என்று சொன்னால் அது பொய்.

வீட்டு முன்னறையிலேயே ஒரு சி.என்.சி. ரூட்டர் செய்வது என்று முடிவெடுத்தான். கம்ப்யூட்டரில் படம் போட்டுக் கொடுத்தால் தானாக ஓடி மரத்தில் பூவும் கொடியும் மயிலும் செதுக்குகிற மெஷின். எட்டடிக்கு நாலடி பலகை முழுசாகப் படுக்க வேண்டும். பூஜையறைக் கதவு, ஜாலித் தடுப்பு, கட்டில் தலைமாடு என்று வீட்டிலிருந்தே வெட்டிக் கொடுத்துக்கொண்டு, எவன் முகத்திலும் முழிக்காமல், ஒரு பஸ்ஸிலும் ஏறாமல் பிழைத்துக்கொள்ளலாம். "எனக்கு ஒரே எடத்துல உக்காரோணும் கனகு. அவ்வளவுதான்" என்றான். பாவி, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

எட்டு மாதம் ஃபிரேமுக்கும் சாமானுக்கும் அலைந்தான். கனகமணி ஒரு யோசனை சொன்னாள், நல்ல யோசனைதான்: "அலுமினியத்துல பண்ணுங்க. வாடகை வீடு. எனக்கு வேல நிரந்தரமாகி வேற ஊர் போட்டாங்கன்னா அவுத்து மூட்டையாக் கட்டி எடுத்துட்டுப் போயர்லாம்." அலுமினியம் பூஞ்சை, சுண்டினால் அதிரும் என்று சொல்லிவிட்டான். எதிர்த் தெருவில் கேட்டும் கிரில்லும் செய்கிற வெல்டர் அருளப்பன், பள்ளிக்கூட நாளிலிருந்து கூட்டாளி, அவன் சொன்னான்: "பெரிய சதுரக் கொழாயா வாங்கிப் போடு மாப்ள, நான் ஒரே நாள்ல வெல்டு வெச்சுத் தர்றேன்." வெல்டு வைத்தால் சூட்டில் இரும்பு இழுத்துக்கொள்ளும், மூலை கோணும் என்று அதையும் தள்ளிவிட்டான். கடைசியில் உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில், மூடிப்போன ஏதோ ஒரு மில்லின் நூற்பு மெஷின் அடிக்கட்டை, வார்ப்பு இரும்பு, நாற்பது வருட வெயிலையும் மழையையும் தின்றுவிட்டு இனி வளைவதற்கு மனசே இல்லாமல் கிடந்ததைப் பார்த்தான். பார்த்த இடத்திலேயே உட்கார்ந்து அதன் மேல் கையை வைத்துக்கொண்டு சாப்பாட்டு நேரம் வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

அப்புறம் ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. பெல்ட் போட்டு இழுக்கலாம் என்றார்கள், பெல்ட் நீளும் என்று உள்ளே குண்டு உருளுகிற திருகுத்தண்டான பால் ஸ்க்ரூ போட்டான், அதிலும் ஒரு நட்டு போட்டால் துளி ஆட்டம் இருக்கும் என்று இரண்டு நட்டைக் கோத்து ஒன்றோடொன்று நெருக்கிவிட்டான். உருண்டைக் கம்பி மேல் ஓடவிடலாம் என்றார்கள், நடுவில் தொங்கும் என்று பட்டை ரெயில் போட்டான். சாதா மோட்டார் போதும் என்றார்கள், பிடி நழுவினால் அதற்கே தெரியாது என்று சர்வோ மோட்டார் போட்டான். தூண்களின் உள்ளே காலியாக இருந்தால் அதிரும் என்று மணலும் பசையும் குழைத்து ஊற்றி அடைத்தான். வீட்டுத் தரை மேடுபள்ளம் என்பதால் மேஜை மாதிரி செய்யாமல், நாலு மூலைக்கும் ஏழடித் தூண் நட்டு, மேலே உத்தரம் போட்டு, வெட்டுகிற ஸ்பிண்டில் மேலிருந்து தொங்குகிற மாதிரி ஒரு பந்தலாகவே செய்தான். நடுவில், முழங்கால் உயரத்தில், பலகை படுக்கிற கட்டை.

எல்லாம் சரி, ஒரே ஒரு கிறுக்குத்தனம் பண்ணினான். அந்த ஊர் ஆட்களுக்கு மட்டுமே வருகிற கிறுக்கு அது. வீட்டில் செய்த மெஷின் வீட்டில் செய்த மாதிரி இருக்கக் கூடாது, "வெளிய இருந்து பாத்தா கம்பெனி மெஷினாட்ட இருக்கோணும்" என்பது அங்கே பட்டறைக்குப் பட்டறை வேதவாக்கு. வெளிப்பக்கம் ஒரு போல்ட் தலை தெரியக் கூடாது என்று நாற்பத்தெட்டு போல்ட்டின் தலையையும் உள்பக்கமாகத் திருப்பி வைத்தான். வெளியே வழவழவென்று பட்டி பார்த்துச் சாம்பல் நிறப் பெயிண்ட் அடித்தாயிற்று. முடுக்குவதென்றால் உள்ளே நின்றுதான் முடுக்க வேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமை காம்பவுண்டு முழுக்க முன்னறையில் கூடி நின்றது. சிகாமணி உள்ளே நின்று, வளைந்த சாவி மாதிரியான அலன் கீயால் கடைசி போல்ட்டை முடுக்கினான், டேப்பை இழுத்து மூலைக்கு மூலை அளந்தான், குறுக்கே மாற்றியும் அளந்தான். இரண்டும் ஒன்று. மயிரிழை வித்தியாசம் இல்லை. கனகமணி தூணுக்குத் தூண் சந்தனமும் குங்குமமும் வைத்து, மஞ்சள் கயிற்றை நாலு தூணையும் சுற்றிக் காப்பாகக் கட்டி, கற்பூரம் காட்டினாள். கற்பூரத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு அவன் வெளியே வரக் காலெடுத்து வைத்தான், கால் வரவில்லை. சுவர் ஒன்றும் தட்டவில்லை, கண்ணாடியும் இல்லை; இரண்டு தூணுக்கும் நடுவில் ஆள் தாராளமாகப் போகிற அகலம், அவன் கால் அந்தக் கோடு வரைக்கும் போய், மாடிப்படி முடிந்தது தெரியாமல் இன்னொரு படி தேடுகிற கால் மாதிரி, அங்கேயே நின்று திரும்பிக்கொண்டது. நாலு பக்கமும் முயன்று பார்த்தான். கனகமணி பொங்கல் கிண்ணத்தோடு உள்ளே போனாள், வெளியே வந்தாள். பூனை போயிற்று, வந்தது. அவனுக்கு மட்டும் இல்லை.

"அதெப்படி வருவான்?" என்றாள் ஐந்தாம் வீட்டு மாராக்கா. காம்பவுண்டில் எந்த விஷயத்துக்கும் முதல் தீர்ப்பு அவளுடையதுதான். "காப்புக் கட்டறப்ப உள்ள நின்னுட்டானல்லொ. நோம்பிக்குக் காப்புக் கட்டுனா ஊர் எல்லை தாண்டக் கூடாதில்லையா? அவனுக்கு எல்லை இதுதான். நோம்பி முடிஞ்சு காப்பு அவுத்தா வந்தரப் போறான்."

இதைக் கேட்டதும் எல்லோருக்கும் மனசு சமாதானமாகிவிட்டது, பொங்கல் ஆறுவதற்குள் சாப்பிட்டார்கள். மெஷினுக்கு நோம்பி எத்தனை நாள் என்று ஒரு சின்னத் தகராறு வந்தது, அம்மனுக்குப் பதினைந்து நாள்தானே, அதையே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. பதினைந்தாம் நாள் மஞ்சத் தண்ணீர் தெளித்து முறைப்படி காப்பை அவிழ்த்தார்கள். சிகாமணி புதுச் சட்டை போட்டுக்கொண்டு காலை வைத்தான். கால் திரும்பிக்கொண்டது. மாராக்கா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரி, இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் துணி துவைக்கப் போனாள்.

இருக்கட்டும் என்றால் இருக்கட்டும்தான். ஒரு மாதத்தில் காம்பவுண்டு அதற்குப் பழகிக்கொண்ட விதம் இருக்கிறதே, அதைச் சொல்ல வேண்டும். குளிக்கவும் கொல்லைக்கும் தூண்களுக்கிடையே கொடி கட்டிப் பழைய சேலைகளைத் தொங்கவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சவரக்காரர் வந்து உள்ளே ஸ்டூல் போட்டு முடி வெட்டிவிட்டுப் போனார். ரேஷன் கடையில் கைரேகை வைக்க ஆள் வந்தாக வேண்டும் என்றார்கள், வர முடியாது என்று எட்டு வீட்டுப் பெண்களும் போய் நின்றதில் ரேகை பார்க்கிற மெஷினையே தூக்கிக்கொண்டு வந்து உள்ளே நீட்டினார் கடைக்காரர். ஒரு டி.வி.க்காரன் கேமராவோடு வந்தான்; நாலு தூணுக்கு நடுவில் ஒரு மனிதன் உட்கார்ந்து டீ குடிப்பதை அரை மணி நேரம் பார்த்துவிட்டு, "வேற ஏதாச்சும் பண்ணுவாருங்களா?" என்று கேட்டான், மாட்டார் என்றதும் போய்விட்டான்.

கம்பெனியில் மேனேஜர் முதலில் குதித்தார், பிறகு அவரே போன் செய்து, "நீங்க அங்கயே இருங்க சிகாமணி, போன்லயே சொல்லிக் குடுத்துருங்க, நீங்க எப்பவும் கெடைக்கறீங்கன்னு பார்ட்டியெல்லாம் சந்தோசமா இருக்காங்க" என்றார். எப்பவும் கிடைக்கிறான் என்பது காம்பவுண்டுக்கும் உறைத்தது. கூரியர்காரர்கள் எட்டு வீட்டுப் பார்சலையும் அவனிடமே கொடுத்தார்கள். சிலிண்டர் வந்தால் அவன் கையெழுத்து. வெளியூர் போகிறவர்கள் சாவியைக் கொண்டுவந்து தூணில் மாட்டினார்கள், வேலைக்குப் போகிறவர்கள் மாமியாரையும் கைக்குழந்தையையும் அவன் பார்வையில் விட்டுவிட்டுப் போனார்கள். எங்கேயும் போகாத ஆம்பளை ஒருவன் காம்பவுண்டில் இருப்பது எவ்வளவு சௌகரியம் என்று அவர்களுக்கு அப்போதுதான் தெரிந்தது, தெரிந்த பிறகு அவன் வெளியே வந்தாக வேண்டும் என்கிற பேச்சு எந்த வாயிலிருந்தும் வரவில்லை.

மெஷின் ஓடியதைச் சும்மா சொல்லக் கூடாது. சிகாமணி மூலையோடு ஒட்டி நின்றுகொள்வான், ஸ்பிண்டில் அவன் மார்புக்கு ஒரு சாண் தள்ளிப் பறக்கும், வெட்டி முடித்த பலகையில் விரல் வைத்துத் தடவினால் கோடு எங்கே ஆரம்பித்தது எங்கே முடிந்தது என்று தெரியாது. வீட்டுக்காரர் ஆறுச்சாமி மாரியம்மன் கோயிலில் தர்மகர்த்தா. தை மாதம் கும்பாபிஷேகம், கருவறைக் கதவு இரண்டையும் சிகாமணிதான் செய்ய வேண்டும் என்று தேக்கைக் கொண்டுவந்து இறக்கிவிட்டார். "உள்ள நீ இருக்கறதுனாலதானப்பா வேல இத்தன சுத்தமா வருது" என்றார். கேட்டுக்கொண்டு நின்ற சிகாமணிக்குப் பெருமையாகத்தான் இருந்தது, கண் மட்டும் அவருக்குப் பின்னால் திறந்து கிடந்த வாசலுக்குப் போயிற்று.

போகத்தான் செய்யும். காலடி போட்டால் நீளவாக்கில் மூன்றரை எட்டு, அகலவாக்கில் ஒன்றரை எட்டு, அவ்வளவுதான் அவன் உலகம். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு மத்தியானம் வாசலில் கொட்டுகிறது, மண் வாசம் உள்ளே வரைக்கும் வருகிறது, அவன் கையை நீட்டுகிறான், கை கோட்டோடு நின்றுவிடுகிறது. டியூட்டி முடிந்து நனைந்துகொண்டே வந்த கனகமணி அதைப் பார்த்தாள். குடையைப் போட்டுவிட்டு வாசலுக்குத் திரும்பி இரண்டு கையிலும் மழையைப் பிடித்து, சிந்தாமல் எடுத்து வந்து அவன் முகத்தில் விட்டாள். அவன் பெரிய குரலெடுத்து அழுதான். அவளும் உள்ளே ஏறிக் கட்டை மேல் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள், தலைக்கு மேல் ஸ்பிண்டில் தொங்கியது, இரண்டு பேரும் படுக்கலாம் என்று பார்த்தார்கள், தேக்குப் பலகையும் கம்ப்யூட்டரும் போக மீதியில் ஒருவர் ஒருக்களித்துத்தான் படுக்க முடிந்தது.

கார்த்திகை பிறந்த வாரம் கனகமணிக்கு ஆர்டர் வந்தது. பதினோரு வருடம் ஒப்பந்தத்தில் கிடந்தவளுக்கு வேலை நிரந்தரம். கூடலூர்ப் பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையம், பின்னாடியே குவார்ட்டர்ஸ், முப்பது நாளுக்குள் போய்ச் சேர வேண்டும், சேராவிட்டால் ஆர்டர் ரத்து. காகிதத்தை அவன் கையில் கொடுத்துவிட்டு எதிரே நின்றாள்.

"நமக்குன்னு இருக்கறது நாம ரெண்டு பேருதானுங்க" என்றாள். "நீங்க இங்க, நான் அங்கன்னா எனக்கு வேண்டாம். ஆனா வேலைய உடவும் எனக்கு மனசில்லீங்க. முப்பது நாள் இருக்குது. எப்படியாச்சும் வெளிய வந்துருங்க."

"வந்தர்றேன்" என்றான் அவன்.

அன்றைக்கே அருளப்பனைக் கூப்பிட்டார்கள். அவன் கட்டிங் மெஷினைக் கொண்டுவந்து தூணில் வைத்தான். பொறி பறக்கவில்லை, சத்தம் வரவில்லை, வெட்டுகிற கல்லு மட்டும் சாக்பீஸ் மாதிரி தேய்ந்து தேய்ந்து ஒன்றுமில்லாமல் போயிற்று. கேஸ் கட்டரை வைத்தான், சூடே ஏறவில்லை. உள்ளே ஏறி போல்ட்டைத் திருகிப் பார்த்தான், அவன் கைக்கு அது அசையவில்லை. வியர்வையைத் துடைத்துக்கொண்டு கட்டை மேல் உட்கார்ந்து நாலு மூலையையும் ரொம்ப நேரம் பார்த்தான்.

"மாப்ள, இதுல எங்கயுமே எடமில்ல" என்றான். "எந்த மெஷினும் துளி ஆடும். அந்தத் துளியிலதான் எண்ணெய் போகும், காத்துப் போகும். நீ அதையும் உடாம முடுக்கிப்போட்ட. அப்பறம் நீ எந்தச் சந்துல வெளிய வருவ? ஒரு போல்ட்ட அரைத் திருகு லூஸ் பண்ணு. நீ முடுக்குனது, உன் கைக்குத்தான் கேக்கும். மறுக்கா மட்டும் முடுக்கீராத, முடுக்குனா மறுக்கா இதே கததான்."

சிகாமணி பாதி செதுக்கிய தேக்கின் மேல் கையை வைத்தான். பிறகு, "கோயில் கதவு பாதியில நிக்குது அருளு. இப்ப லூஸ் பண்ணுனா ரெண்டு கதவும் சேராது. முடிச்சுப்போட்டுப் பண்றேன்" என்றான். அதில் நியாயம் இருந்தது. அருளப்பன் தலையை ஆட்டிவிட்டுப் போனான்.

கதவு இருபதாம் நாள் முடிந்தது. இரண்டையும் சேர்த்து நிறுத்தினால் நடுவில் ஒரு தாள் நுழையவில்லை, ஆறுச்சாமி விழுந்து கும்பிட்டார். அன்றைக்கே நாலாம் வீட்டு மருமகள் தொட்டிலுக்குப் பலகை கொண்டுவந்தாள், பிள்ளைத்தாய்ச்சி கேட்டதை எப்படி மறுப்பது என்றான். அது முடிந்ததும் இன்னொரு வீட்டுக்கு, வாசல் நிலைக்கு மேல் வைக்க ஒரு கஜலட்சுமி. இருபத்தெட்டாம் நாள், பெட்டி கட்டுவதற்காக அவன் துணிகளை எடுக்க உள்ளே ஏறிய கனகமணி, தலையணைக்கு அடியில் அலன் கீயைப் பார்த்தாள். எண்ணெய் போட்டுத் துடைத்து, ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி வைத்திருந்தான்.

"இது இத்தன நாளா இங்கயேதான் கெடந்துதுங்களா?" என்று கேட்டாள்.

"ம்."

"அருளண்ணன் சொன்னது நெசந்தானா? நீங்களே லூஸ் பண்ணுனா வந்தரலாமா?"

"பண்ணிப் பாத்தாத்தான தெரியும்."

"ஏன் பண்ணிப் பாக்கல?"

அவன் தூணைத் தடவினான். "எட்டு மாசம் கனகு. மூலைக்கு மூலை இத்தனை துல்லியமா யாருக்கும் உக்காந்ததில்ல, கம்பெனிக்காரனுக்கே உக்காராது. ஒருக்கா லூஸ் பண்ணிட்டா மறுக்கா இப்படி வராது. உனக்கு இது புரியாது."

"புரியுதுங்க" என்றாள் அவள். குரல் உயரவே இல்லை. "பதினோரு வருசம் நைட் டியூட்டி, அடுத்தவங்க லீவுக்கெல்லாம் நான்தான் போயி நின்னேன். எனக்கும் மறுக்கா வராதுங்க இது. உங்களுக்கு வெளிய வர முடியலைன்னு நெனைச்சுத்தான் தெனமும் சாமி கும்பிட்டேன். முடியாதவருக்கு நான் எத்தன வருசம் வேணாலும் சோறு போட்டிருப்பேன். இப்ப என்ன பண்றதுன்னு தெரியல."

சிகாமணிக்கு முகம் சுருங்கிவிட்டது. வெட்கம் தாங்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு, "புதங்கெழமதான கெளம்பறே? ரெண்டு பேர் துணியையும் ஒண்ணாவே கட்டு" என்றான். சத்தியமாகவே சொன்னான், அதில் கள்ளம் இல்லை.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு ஆட்டோ வந்து நின்றது. காம்பவுண்டு மறுபடி முன்னறையில் கூடியது, இந்த முறை ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. மாராக்கா, "நீ போயிட்டா இங்க யாரு தம்பி இருக்கா?" என்று கேட்டே விட்டாள், கேட்டபின் கனகமணியைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள். சிகாமணி உட்கார்ந்து, வாசல் பக்கத்துத் தூணின் அடி போல்ட்டில் அலன் கீயைக் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு அரைத் திருகு திருப்பினான். இரும்புக்குள் எங்கேயோ "டொக்" என்று ஒரு சத்தம், கைவிரல் சொடுக்குகிற அளவுதான். எழுந்து காலை வைத்தான். கால் போயிற்று. உடம்பு பின்னாலேயே போயிற்று.

வாசலில் வெயில் அடித்தது. மூன்று மாதமாக வெயில் படாத உடம்பு, கண் கூசிற்று, குழாயைத் திறந்து தண்ணீரைத் தலையில் விட்டுக்கொண்டான், முற்றத்தை நீளவாக்கில் ஒரு முறை நடந்தான், எட்டு வைத்து எட்டு வைத்து எண்ணியும் தீரவில்லை, அது அவனுக்குச் சிரிப்பாக வந்தது. கனகமணியின் பெரிய பெட்டியை அவனே தூக்கிவந்து ஆட்டோவின் பின்னால் வைத்தான். அவள் உள்ளே நகர்ந்து உட்கார்ந்து அவனுக்கு இடம் விட்டாள், விட்ட இடத்தைக் கையால் தட்டியும் காட்டினாள். அவள் முகத்தைப் பார்த்தவர்கள் கலியாணத்தன்றைக்குக்கூட அவள் அப்படிச் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை என்று பின்னால் சொன்னார்கள். அவன் ஒரு காலை ஆட்டோவில் வைத்தான்.

"கனகு, ரெண்டே நிமிசம்" என்றான். "அளவு எவ்வளவு போயிருக்குதுன்னு மட்டும் பாத்துட்டு வந்தர்றேன்."

அவள் சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் மாறியது. "பஸ்ஸு ஒம்போதுக்குங்க" என்றாள்.

"ரெண்டே நிமிசம்."

ஓட்டமாகத்தான் ஓடினான். தூணைத் தாண்டி உள்ளே போய், டேப்பை இழுத்து மூலைக்கு மூலை பிடித்தான். பழைய அளவிலிருந்து இரண்டு மில்லி விலகல். குறுக்கே மாற்றிப் பிடித்தான். இரண்டு மில்லிதான். அரைத் திருகுக்கு இரண்டு மில்லியா, சின்ன விஷயமா அது, இப்படியே விட்டுவிட்டுப் போனால் எடை ஒரு பக்கம் சாய்ந்து ஒரு வாரத்தில் நாலாகிவிடும், ஊரிலிருந்து திரும்பி வந்து பார்க்கும்போது மொத்தமும் கோணிக்கொண்டு கிடக்கும். முடுக்க வேண்டாம், அருளு சொல்லியிருக்கிறான், முடுக்கவே வேண்டாம். மரச்சுத்தியால் ஒரு தட்டுத் தட்டி இருந்த இடத்துக்குக் கொண்டுவந்து, நழுவாமல் இருக்க ஒரு பிடிப்புப் பிடித்து வைத்தால் போதும். மண்டியிட்டுத் தட்டினான். ஒன்றரைக்கு வந்தது. இன்னொரு தட்டு. ஒன்று. நாக்கைக் கடித்துக்கொண்டு இன்னும் மெதுவாக ஒரு தட்டு.

ஆட்டோக்காரர் ஒரு தடவை ஹாரன் அடித்தார். கனகமணி இறங்கி வந்து நிலையருகே நின்றாள். அவன் முதுகும், குனிந்த தலையும், போல்ட்டின் மேல் வைத்த கையும் அவளுக்குத் தெரிந்தன. கூப்பிடப்போகிறாள் என்று மாராக்கா நினைத்தாள். கூப்பிட்டிருந்தால் ஒருவேளை திரும்பியிருப்பான், அதை இன்றைக்கும் அந்தக் காம்பவுண்டில் பேசுகிறார்கள். அவள் கூப்பிடவில்லை. பையைத் திறந்து அவனுடைய இரண்டு சட்டையையும் வேட்டியையும் எடுத்து நாற்காலியில் மடிப்புக் கலையாமல் வைத்தாள். மாராக்காவின் கையை ஒரு தடவை பிடித்துவிட்டு, ஆட்டோவில் ஏறி, "போலாமுங்க" என்றாள்.

ஆட்டோ கிளம்புகிற சத்தம் சிகாமணிக்குக் கேட்டது. ஆட்டோவைத் திருப்பி நிறுத்துகிறார்கள் போல, அதுவும் நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டான். டேப்பைப் பிடித்தான், அரை மில்லி. அலன் கீயைக் கால் திருகு கொடுத்தான், இன்னும் கொஞ்சம், இன்னும் ஒரு துளி, பிடிப்புத்தான், வேறொன்றுமில்லை. டேப்பை மறுபடி பிடித்தான். இந்த மூலையும் அந்த மூலையும் ஒன்று. மயிரிழை வித்தியாசம் இல்லை. அவனுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்து போயிற்று, இனிமேல் எத்தனை மாதம் கழித்து வந்தாலும் இது இப்படியே நிற்கும், நிம்மதியாகக் கூடலூர் போகலாம். முழங்கால் தூசியைத் தட்டினான், அலன் கீயைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"முடிஞ்சுது கனகு, இதா வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே எழுந்து காலைத் தூக்கினான்.